தாராவியில் குழந்தைக்கு ஊசி: அரசு மையமா, தனியார் கிளினிக்கா?

"ஆயுஷ்மான் கார்டு இருக்கே, ஊசியை அதுலயே போட்டுடலாமா அக்கா?" பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், மடியில் ஒன்றரை மாதக் குழந்தை.

அது அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை; குடும்பத்தின் சிகிச்சைச் செலவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான். தடுப்பூசிக்குக் கார்டே வேண்டாம். 1985 முதல் நடக்கும் தேசியத் திட்டத்தில் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், தட்டம்மை-ரூபெல்லா எல்லாமே இலவசம்.

தனியார் கிளினிக்கில் மாலையிலும் போகலாம். காய்ச்சல் குறைவாக வரும் ஊசியும் உண்டு, தேசிய அட்டவணையில் இல்லாத சின்னம்மை ஊசியும் உண்டு. ஆனால் விலை! பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 2022இல் மும்பையில் தட்டம்மை பரவியபோது பெரும்பாலும் ஊசி போடாத பிள்ளைகள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அரசு மையத்தில் காத்திருந்தால் அரை நாள் கூலி போகும், உண்மைதான். பென்டாவேலன்ட் போட்ட இரவு என் மகனுக்குத் தொடை வீங்கி, விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டே நடந்தேன். மறுநாள் சரியாகிவிட்டது.

அவளிடம் சொன்னேன்: 6, 10, 14 வாரத்து ஊசிகளை அரசு மையத்திலேயே போடு. கையில் காசு இருந்தால் சின்னம்மையை மட்டும் பிறகு வெளியே பார்த்துக்கலாம். தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வை.