இடுப்பெலும்பா, இறந்தவர் எலும்பா, புரதமா? முதுகெலும்பு ஒட்டுக்கு எது தேவலாம்

முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷன் என்றதும் எல்லாரும் ஸ்க்ரூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள், டைட்டானியமா, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று. ஸ்க்ரூ வெறும் முட்டுதான். எலும்போடு எலும்பு வளர்ந்து ஒட்டும்வரை அசையாமல் பிடித்திருக்கும், ஒட்டாமல் போனால் நாளடைவில் தளரும், சமயத்தில் உடையவும் செய்யும். ஒட்ட வைப்பது நடுவில் நிரப்புகிற எலும்பு.

புடலைக்கு விதை, பந்தல், உரம் மூன்றும் வேண்டும் இல்லையா, இங்கேயும் அதே கணக்கு: எலும்பை உண்டாக்கும் உயிரணு, அது படர இடம், வளரத் தூண்டும் புரதம். மூன்றும் இயல்பாகவே சேர்ந்திருப்பது நம் சொந்த எலும்பில்தான். அதனால்தான் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுப்பதை இன்றும் உரைகல்லாக வைக்கிறார்கள். வில்லங்கம் என்னவென்றால் அதற்கு இன்னொரு இடத்தில் வெட்ட வேண்டும். முதுகு வலி குறைந்த பிறகும் எலும்பு எடுத்த இடம் மாதக்கணக்கில் வலிக்கிறது என்பவர்கள் உண்டு.

ஆனால் நரம்பை விடுவிக்க முதுகு வழியாகத் திறக்கும்போது சர்ஜன் கொஞ்சம் எலும்பை எப்படியும் வெட்டி எடுக்கிறார். அதைச் சுத்தம் செய்து, பொடித்து அதே இடத்தில் நிரப்பலாம். தனி வெட்டும் இல்லை, தனி விலையும் இல்லை. புது யோசனையும் இல்லை: 1911இல் நியூயார்க்கில் காசநோய் தின்ற முதுகுகளுக்கு ஆல்பீ என்பவர் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்தார், ஹிப்ஸ் என்ற இன்னொரு டாக்டர் அந்த முதுகெலும்பையே சீவி ஒட்டினார். கீழ் முதுகில் ஒரே ஒரு மட்டம், அதாவது அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளை மட்டும் இணைப்பது என்றால், என் ஓட்டு ஹிப்ஸ் வழிக்கு, அங்கேயே கிடைக்கும் எலும்புக்கு. மூன்று நான்கு மட்டம், அல்லது ஏற்கெனவே ஒருமுறை திறந்த முதுகு என்றால் இந்த எலும்பு பற்றாது, அப்போதுதான் மற்றவை பற்றிப் பேச வேண்டும்.

இறந்தவர் தானமாகத் தந்த எலும்பு பதப்படுத்தி வருவதால் அதில் உயிரணு இருக்காது, பெரும்பாலும் பந்தல் மட்டும்தான். கழுத்தின் முன்பக்க ஆபரேஷனில் நன்றாகவே ஒட்டுகிறது, தலையின் பாரம் அதை அழுத்திப் பிடிப்பது ஒரு காரணம். முதுகின் பின்பக்கத்தில் தனியாக வைத்தால் சொந்த எலும்புக்கு ஈடாகாது. உயிரணுவோடு விற்கும் வகையும் உண்டு, அதில்தான் எனக்குத் தயக்கம். 2021இல் அமெரிக்காவில் அப்படி ஒரு பொருளில் காசநோய்க் கிருமி கலந்து, ஒரே கொடையாளரின் எலும்பு நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

செராமிக் துகள் சுத்தமான பந்தல். சொந்த எலும்போடு கலந்து அளவைக் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கடைசியாக உரம், அதாவது பிஎம்பி-2 என்ற புரதம். எலும்பிலிருந்து கால்சியத்தை நீக்கி அதைத் தசைக்குள் வைத்தால் அங்கேயும் எலும்பு முளைக்கிறது என்று 1965இல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர் காட்டியதிலிருந்து பிறந்த சரக்கு. 2002இல் கீழ் முதுகில் வயிற்று வழியாகச் செய்யும் ஆபரேஷனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் கழுத்து உட்படக் கண்ட இடத்திலும் வைத்தார்கள். கழுத்து வீங்கி மூச்சுத் திணறுகிறது என்று 2008இல் அரசே எச்சரித்தது. கம்பெனி பணத்தில் நடந்த ஆய்வுகள் பக்கவிளைவைக் குறைத்துக் காட்டின என்று 2011இல் ஒரு முதுகெலும்பு மருத்துவ இதழே போட்டு உடைத்தது. 2013இல் யேல் பல்கலைக்கழகம் முழுத் தரவையும் வாங்கி வெளியாட்களிடம் அலசக் கொடுத்தபோது, இடுப்பெலும்பைவிட நோயாளிக்குப் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. வேண்டாத இடத்திலும் எலும்பு முளைக்கலாம், நரம்பை உறுத்தலாம். எலும்பு வளர்க்கும் வேகம் என்னவோ நிஜம், ஒருமுறை ஒட்டாமல் போய் மறுபடி திறக்கும் முதுகுக்கு அதை யோசிக்கலாம். புற்றுநோய் உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது.

அப்புறம், எதை வைத்தாலும் சிகரெட், பீடி தொடர்ந்தால் ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடும். எஸ்டிமேட்டில் எலும்பு மாற்றுப் பொருள் என்று தனி வரி இருந்தால், எத்தனை மட்டம், என் எலும்பே ஏன் போதாது என்று அட்மிஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.