தலைசுற்றலுக்குக் காரணம் கண்டுபிடிக்கிறோம் என்று 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: யாரும் ஏமாற வேண்டாம்

கோபத்தில்தான் எழுதுகிறேன். இன்று மதியம் அவர்களிடம் போனில் பேசி, "சார், எங்க பாலிசி அப்படித்தான்" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். 38,500 ரூபாய். அம்மாவின் தலைசுற்றலுக்குக் காரணம் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கிய பணம். காரணத்தை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, பணத்தையும் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்கள்.

புகார் கொடுக்கப் போவதால் இடத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். போனில் விளம்பரம் வரும். தலைசுற்றலுக்கும் பேலன்ஸ் பிரச்சினைக்கும் என்றே தனி சென்டர் என்று போட்டிருக்கும். முன்பதிவு, பணம், ரிப்போர்ட் எல்லாமே ஆப்பில்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படித் தலைசுற்றல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் ஈரோடு பக்கம். அம்மாவுக்கு 61 வயது. விடியற்காலையில் படுக்கையில் புரண்டபோது வீடே சுற்றியிருக்கிறது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அரை நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. வாந்தி எடுத்தார்கள். அதற்குப் பிறகு கொடியில் துணி காயப்போட அண்ணாந்தால் சுற்றும், பரணில் எதையாவது எடுக்கப் பார்த்தால் சுற்றும். தெரு முனை டாக்டர் பிரஷர் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார். எங்கள் பெரிய மாமா பக்கவாதத்தில் படுத்தவர். அதனால் அம்மாவுக்குத் தலை சுற்றும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் அந்த பயம்தான்.

அந்த பயத்தில் இருக்கும்போதுதான் விளம்பரம் கண்ணில் பட்டது. பெயரும் நம்பரும் போட்ட சில நிமிடங்களில் ஒரு பெண் கூப்பிட்டார். அவர் பேசியதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பணத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணா, அம்மாவைத் தனியா பாத்ரூம் போக விடாதீங்க, உள்ள தாழ்ப்பாள் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். அதுவரை யாரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை. அப்புறம் அம்மாவிடமே போனைக் கொடுக்கச் சொன்னார். "அம்மா, எங்க அம்மாவுக்கும் உங்க வயசுதான். காரணம் என்னன்னு தெரியாம உங்களை நாங்க விடமாட்டோம். இன்னைக்கு நிம்மதியா தூங்குங்க" என்றார். அம்மா போனை வைத்துவிட்டு, "அந்தப் புள்ளை நல்லா பேசுதுடா, அங்கேயே போலாம்" என்றார்கள். வெகுநாள் கழித்து அன்று இரவு பயமில்லாமல் தூங்கினார்கள். அந்தத் தூக்கத்துக்காகவே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த போனில்தான் பேக்கேஜ் வந்தது. 55,000 ரூபாய் பேக்கேஜ், இன்றைக்கே கட்டினால் 38,500. மூளைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், நரம்பியல் டாக்டர் ஆலோசனை. இதற்கெல்லாம் மேலே, கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டி விழி எப்படி ஆடுகிறது என்று பதிவு செய்யும் சோதனை. "இந்த மெஷின் இந்தப் பக்கத்துல வேற யார்கிட்டயும் இல்லண்ணா, காரணத்தைக் காட்டிக் கொடுக்கறதே இதுதான்" என்றார். 38,500 ரூபாயையும் மொத்தமாகக் கட்டினேன்.

போன அன்று அந்த மெஷின் இல்லை. சர்வீசுக்குப் போயிருக்கிறதாம், அடுத்த வாரம் கூப்பிடுவார்களாம். இன்றுவரை கூப்பிடவில்லை. மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன் குழாய்க்குள் அந்தச் சத்தத்தில் அம்மா நடுங்கிப்போய் வெளியே வந்தார்கள். பிறகு ஒரு அறையில் உட்கார வைத்து வீடியோவில் டாக்டரைக் காட்டினார்கள். அவர் அம்மாவின் முகத்தைவிட ரிப்போர்ட்டைத்தான் அதிகம் பார்த்தார். மூளை நார்மல். "கழுத்து எலும்பு தேஞ்சிருக்கு, அதனாலதான் சுத்துது" என்றார். மூன்று மாதத்துக்கு மாத்திரை, கழுத்துப் பட்டை. கழுத்துக்குப் பயிற்சி வேண்டும், அதற்கு இன்னொரு பேக்கேஜ், 18,000 ரூபாய்.

எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது? 38,500 ரூபாய்க்கு ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அறுபது வயதில் யார் கழுத்தைப் படம் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலை சுற்றாதவர்களுக்கும் தெரியும். அதைக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பட்டையைப் போட்டுக்கொண்டும் அம்மாவுக்குச் சுற்றியது. மாத்திரை போட்டால் ஒரே தூக்கம், நடையில் தள்ளாட்டம். துவைக்கிற கல் பக்கத்தில் சாய்ந்தவர்களைப் பக்கத்து வீட்டு அக்கா பிடித்திருக்காவிட்டால் இடுப்பெலும்பு போயிருக்கும். அந்த அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். விவரம் கேட்டுவிட்டு, "ஜி.ஹெச்ல காது மூக்கு தொண்டை ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போ தம்பி" என்றார். காதா என்று கேட்டேன். ஆமாம், காதுதான் என்றார்.

ஜி.ஹெச்சில் நீண்ட வரிசை. ஆனால் அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா சுத்துது?" என்பதுதான். வலது பக்கம் என்றார்கள். கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே வேகமாகப் பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்படி பிடித்தார். சில விநாடிகளில் அம்மாவின் கண்விழிகள் துடிக்க ஆரம்பித்தன. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மா கத்தினார்கள். டாக்டர், "இதுதான்மா, கண்டுபிடிச்சாச்சு" என்றார். எந்த மெஷினும் இல்லை.

அவர் விளக்கியது இது. உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் உண்டு. அவை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கழன்று, நாம் தலை திருப்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் உள்ளே இருக்கும் திரவத்தைத் தள்ளிவிடும். தலை சுற்றுவதாக மூளைக்குத் தவறான செய்தி போகும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சுருக்கமாக பி.பி.பி.வி. என்கிறார்கள். உலகமே சுழல்வது போன்ற தலைசுற்றலுக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் இது முக்கியமானது.

பிறகு அதே கட்டிலில் தலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம், அப்படியே உடம்பையும் புரட்டி, ஒவ்வொரு நிலையிலும் சுற்றல் அடங்கும்வரை நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். துகள்களைப் பழைய இடத்துக்கே வழுக்கிக்கொண்டு போக வைக்கும் முறையாம். அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் கண்டுபிடித்தது, 1992-லேயே கட்டுரையாக வந்திருக்கிறது. சாய்த்துப் பார்க்கும் சோதனை இன்னும் பழையது, 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்தது. தெளிவாக இதுதான் என்று தெரிந்து, வேறு அபாய அறிகுறியும் இல்லையென்றால் ஸ்கேன் தேவையில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே 2017-ல் சொல்லியிருக்கிறது. தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளையும் இதற்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. தலைசுற்றலுக்கென்றே கடை திறந்தவர்களுக்கு இது தெரியாதா? 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கட்டிலில் சாய்த்துப் பார்க்கக் கையில்லையா?

அம்மா இப்போது நன்றாகத் திரும்பிப் படுக்கிறார்கள். மறுபடி வரலாம், வந்தால் உடனே வாங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜி.ஹெச்சில் பணமே வாங்கவில்லை.

இனி பணம் கேட்ட கதை. முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பணம் கட்டும்வரை ஒரே ரிங்கில் எடுத்தவர், "அண்ணா, நான் இப்ப அந்த டிபார்ட்மென்ட்ல இல்ல" என்று வைத்துவிட்டார். சென்டரில் கேட்டால் ஆப்பில் கேளுங்கள் என்கிறார்கள். ஆப்பில் கேட்டால் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று செய்தி வருகிறது, அப்புறம் சென்டரில் கேளுங்கள் என்கிறார்கள். மேனேஜர் எப்போது கேட்டாலும் மீட்டிங்கில் இருக்கிறார். கடைசியில் ஒருவர் பேசினார். பேக்கேஜ் ஓபன் ஆகிவிட்டதாம், ரீஃபண்ட் கிடையாதாம். சரி, செய்யாத அந்தக் கண் சோதனைக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "அதுக்குத் தனி ரேட் இல்ல சார், அது பேக்கேஜோட இலவசமா வர்றது" என்றார். எதைக் காட்டி 38,500 ரூபாய் வாங்கினார்களோ அது இப்போது இலவசம் ஆகிவிட்டது! இன்றைக்குப் பேசியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "அம்மாவுக்குத்தான் சரியாயிடுச்சே சார், அப்புறம் என்ன?" எனக்கு நாக்கு எழவில்லை. ஆப்பில் 2,000 பாயிண்ட் போட்டிருக்கிறார்கள், அடுத்த பேக்கேஜில் கழித்துக்கொள்ளலாமாம்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை நடுங்குகிறது, அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, கை கால் மரத்தாலோ, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ எந்த ஓ.பி.க்கும் அலைய வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது என்றால் அது வேறு, பிரஷர் மாத்திரையின் அளவாகக்கூட இருக்கலாம், மாத்திரை எழுதிய டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

புரண்டு படுத்தால் சுற்றுகிறது என்றால் முதலில் காது டாக்டர். வீடியோ பார்த்து வீட்டிலேயே தலையைத் திருப்பாதீர்கள், எந்தக் காது என்று தெரியாமல் செய்யக் கூடாது, கழுத்து சரியில்லாதவர்களுக்கு ஆபத்து.

பரிசோதிக்காமல் பேக்கேஜ் சொல்கிற இடத்தில் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள். "இன்னைக்கு மட்டும் ஆஃபர்" என்றால் போனை வையுங்கள். என்னென்ன சோதனை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். நான் 38,500 ரூபாய்க்கும் போடுகிறேன். ரசீது, சாட், கால் பதிவு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி சென்டரில் "மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கு" என்ற பதில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.