இணையத்தில் வாங்கிய ஹாவோர்த்தியா: செடியில் குறையில்லை, மண்ணில்தான் குறை

வரிக்குதிரைச் செடி என்று இணைய நர்சரிகளில் விற்கப்படும் ஹாவோர்த்தியா என்ற சிறிய சதைப்பற்றுச் செடியை, மூன்று அங்குல பிளாஸ்டிக் தொட்டி, அதில் நிரப்பிய மண், ஒரு பராமரிப்புச் சீட்டு ஆகியவற்றோடு 249 ரூபாய்க்கு வாங்கினேன். கூரியர் கட்டணம் தனி. விற்பனையாளரின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இந்தச் செடியை விற்கும் மற்ற இடங்களிலிருந்து நண்பர்கள் வாங்கியவற்றிலும் இதே நிறைகளும் இதே குறைகளும் இருப்பதைப் பார்த்துவிட்டேன் என்பதால், ஒரு கடையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

வந்து சேர்ந்த விதம் திருப்தியளித்தது. தொட்டியின் வாயை மண் சிந்தாதபடி டேப் ஒட்டி மூடி, செடியைச் சுற்றி செய்தித்தாளைக் கசக்கி அடைத்திருந்தார்கள். ஓர் இலை நுனிகூட முறியவில்லை. ரோஜாக் கன்றைப் போல வழியில் வாடிப்போகும் செடி இதுவன்று. இலைகளிலேயே நீரைச் சேமித்து வைத்திருப்பதால், சில நாள்கள் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தாலும் இதற்கு ஒன்றும் ஆவதில்லை.

சீட்டில் ‘ஹாவோர்த்தியா ஃபேசியாட்டா’ என்று அச்சிட்டிருந்தது. வந்தது அதுவன்று, அதைப் போலவே தோன்றும் அட்டெனுவாட்டா என்ற இனம். இலையின் வெளிப்புறத்தில் வெள்ளை மேடுகள் வரிவரியாக இருப்பது இரண்டு இனங்களுக்கும் பொது. ஆனால் ஃபேசியாட்டாவின் உட்புறம், அதாவது செடியின் நடுவை நோக்கிய பக்கம், வழவழப்பாக இருக்கும். எனக்கு வந்த செடியில் அந்தப் பக்கத்தை விரலால் தடவினால் சிறு சிறு மணிகள் சொரசொரவென்று தட்டுப்படுகின்றன; ஆகவே இது அட்டெனுவாட்டா. இந்தப் பெயர்க் குழப்பம் உலகெங்கும் உள்ளதுதான். 2013ஆம் ஆண்டில் கோர்டன் ரௌலி என்ற தாவரவியலாளர் இவ்விரு இனங்களையும் ஹாவோர்த்தியாப்சிஸ் என்னும் தனிப் பேரினத்தில் சேர்த்த பிறகும் கடைகளில் பழைய பெயரே ஓடுகிறது. வீட்டில் வளர்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை, ஏனெனில் இரண்டில் எளிதாக வளர்வதும் தாராளமாகக் கன்று விடுவதும் அட்டெனுவாட்டாதான்.

பராமரிப்புச் சீட்டை மட்டும் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடலாம். ‘நல்ல வெயிலில் வைக்கவும், வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றவும்’ என்கிறது அது. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இந்தச் செடி பெரும்பாலும் புதர்களின் அடியிலும் புல் தூறுகளுக்கிடையிலும் பாறை நிழலிலும் வளர்கிறது. அங்கு மழை ஒரே பருவத்தில் கொட்டித் தீர்ப்பதில்லை. ஆண்டின் பல மாதங்களில் சிறிது சிறிதாகப் பெய்கிறது. பெய்த நீரும் சரளை மண்ணில் நிற்காமல் வடிந்துவிடுகிறது. சதைப்பற்றுள்ள செடி என்றாலே பாலைவன வெயில் வேண்டும் என்று எண்ணி, மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் இலைகள் முதலில் செம்பழுப்பாகும், பிறகு நுனியிலிருந்து கருகும். கிழக்கு ஜன்னலின் கிரில் ஓரம், அல்லது பந்தலடியில் சலித்து விழும் வெளிச்சம் போதும். வெளிச்சம் குறைந்தால் இறுக்கமாக இருக்கும் இலையடுக்கு தளர்ந்து, இலைகள் வெளுத்து நீளும். உடனே சற்று வெளிச்சமான இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

உண்மையான குறை மண்ணில்தான் இருக்கிறது. தொட்டியை நிரப்பியிருந்தது ஏறக்குறைய முழுவதும் கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள், அதனுடன் கொஞ்சம் மண்புழு உரம். நர்சரிக்காரருக்கு இது வசதி: எடை குறைவு, கூரியர் செலவு குறைவு, பசுமைக்குடிலில் கட்டுப்பாடாக நீர் விடும்போது செடியும் வேகமாகத் தேறும். நம் வீட்டில் அதே கலவை மேலே காய்ந்து, உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிறது. செடியைக் கவிழ்த்துத் தட்டி எடுத்தபோது மேல்மண் பொடியாக உதிர்ந்தது. வேர்க்கழுத்தைச் சுற்றியிருந்த கட்டியைப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிந்தது. தடித்து வெளிர் நிறமாக இருக்க வேண்டிய வேர்களில் சில பழுத்து, தொட்டதும் தோல் கழன்று நாராக நின்றன. இன்னும் சில வாரங்கள் அப்படியே விட்டிருந்தால் அழுகல் தண்டுக்கு ஏறியிருக்கும். அதன் பிறகு அடியிலைகள் கண்ணாடி போல் ஊறிக் கழன்றுவிடும். அப்போது செடியைக் காப்பாற்றுவது கடினம்.

எனவே இதை வாங்குபவர் தொட்டியையும் மண்ணையும் இலவச இணைப்பாகக் கருதாமல், வந்த வாரமே மாற்ற வேண்டிய பொருளாகக் கருதுவது நல்லது. வேரிலிருந்து கோகோபீட்டை முழுவதுமாக உதிர்த்து, அழுகிய வேர்களைக் கத்தரித்து, நிழலில் சில நாள்கள் உலர விட வேண்டும். பிறகு, கழுவிய சிறு ஜல்லியும் பருமணலும் இரண்டு பங்கு, மக்கிய எருவும் செம்மண்ணும் கலந்தது ஒரு பங்கு என்ற கலவையில், அடியில் துளையுள்ள சிறிய மண்தொட்டியில் நடலாம். பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துகள் கிடைத்தால் ஜல்லிக்குப் பதில் அதையும் சேர்க்கலாம். ஆனால் செங்கல்லை உடைத்துச் சலித்த துண்டுகளே போதுமானவை, செலவும் இல்லை. பெரிய தொட்டி வேண்டாம்: வேர் எட்டாத மண்ணில் நீர் தங்கிவிடும்.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்காமல், தொட்டியின் அடிவரை காய்ந்த பிறகு அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றிவிட்டு, மறுபடி காயும் வரை தொடாமல் இருப்பதே முறை. இலைகள் மெலிந்து உள்நோக்கி வளைந்தால் தாகம். கோடை உச்சத்தில் இந்தச் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. வெயில் அதிகம் என்று அப்போது கூடுதலாக ஊற்றுவதுதான் நம் ஊரில் பல செடிகளைக் கொல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் படாத இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். இலையடுக்கின் நடுவே நீர் தேங்கக் கூடாது. பூச்சித் தொல்லை மிகக் குறைவு. இலையிடுக்கில் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த காதுக்குச்சியால் துடைத்தால் போகும். நாய், பூனை கடித்தாலும் நஞ்சில்லை.

மண் மாற்றிய பின் செடி நன்றாகத் தேறி, ஓரத்தில் பக்கக் கன்றுகள் விட்டிருக்கிறது. ஒல்லியான நீண்ட காம்பில் பழுப்புக் கோடிட்ட சிறு வெள்ளைப் பூக்களும் வந்தன. பூவுக்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்லை. சொந்த வேர் விட்ட கன்றுகளைப் பிரித்து நடலாம் என்பதால், கொடுத்த விலை நீண்ட நோக்கில் அதிகமில்லை.

அதே கடையில் நீலம், இளஞ்சிவப்பு வண்ணங்களில் இதே செடி 399 ரூபாய்க்கு இருக்கிறது. அது இலை மேல் தெளித்த பெயிண்ட். வெளிச்சம் இலைக்குள் போவதைத் தடுக்கும், புதிய இலைகளோ பச்சையாகவே வரும். மேல்மண்ணில் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டிய தொட்டிகளையும் தவிர்க்க வேண்டும், மண்ணின் ஈரத்தை அதில் சோதிக்கவே முடியாது. மண்ணில்லாமல் வெறும் வேரோடு அனுப்பும் செடி 120 ரூபாய்க்குப் பட்டியலின் கடைசியில் இருக்கிறது. அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன், அதுவும் வெயிலும் மழையும் இல்லாத தை, மாசி மாதங்களில்.