கீழ்க்கொக்கித் தராசு: மெஷின் நல்லது, வாங்க வேண்டாம்

ஒடிசாவில் பார்பில் பக்கம் ஓர் இரும்புத் தாது ஆய்வுத் திட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே பத்து கிலோ தராசு இப்ப விலை இறங்கியிருக்கு. கோர் ஷெட்டுக்கு ஒண்ணு வாங்கிடலாமா?" அவர் கேட்ட நேரத்தில்தான் என் தராசு பழுது பார்த்துத் திரும்பி வந்திருந்தது. போனில் எதைச் சொன்னாலும் அரைகுறையாகிவிடும் என்பதால் எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

எந்தத் தராசு என்பது இந்த வேலைக்காரர்களுக்குத் தெரியும். பத்து கிலோ வரை நிறுக்கும், 0.1 கிராம் வரை காட்டும், அடியில் கொக்கி மாட்ட ஒரு துளை இருக்கும். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. திருவொற்றியூரில் மாடி அறை ஒன்றில் வைத்துதான் பயன்படுத்துகிறேன். சுரங்கத் திட்டங்களில் துளையிட்டு எடுத்த உருளை வடிவப் பாறைத் துண்டுகள், அதாவது கோர் துண்டுகள், பெட்டியில் வரும். அவற்றின் அடர்த்தியை அளந்து எழுதி, துண்டுகளைச் சேதமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு காலத்தில் பெல்லாரி, ஹொசபேட்டைத் தாது ரயில் ரயிலாக வந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும். ராயபுரத்தில் காயப்போட்ட துணியெல்லாம் சிவக்கும். 2010-ல் கர்நாடகம் தாது ஏற்றுமதியை நிறுத்தியது. 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசிச் சரக்கே இந்தத் துறைமுகத்தில் கூடாது என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இப்போது என் அறைக்கு வருகிற நாலு பெட்டிதான் நான் இங்கே பார்க்கிற தாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நிறைய இருக்கிறது.

அந்தக் கொக்கி அருமையான ஏற்பாடு. தராசை மேசை மேல் வைத்து, மேசையில் ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கம்பியை இறக்கி, கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் கூடையைத் தொங்கவிட்டால் போதும். துண்டைக் காற்றில் ஒரு தடவை, தண்ணீருக்குள் ஒரு தடவை நிறுக்கிறோம். காற்றில் உள்ள எடையை, இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான். இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்து அவ்வப்போது சோதிப்பேன். வாங்கிய நாளில் காட்டியதையே இன்றும் காட்டுகிறது. அலுமினியத் துண்டு ஒன்றும் கையில் உண்டு. அதை முக்கினால் 2.70 வரவேண்டும், வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நகரும்போது கட்டடமே லேசாக அதிரும். கனமான கிரானைட் பலகையை அடியில் போட்ட பிறகு அந்த அதிர்விலும் எண் ஆடாமல் நிற்கிறது. இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இங்குள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடலோரத்து போர்வெல் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீருக்கு அடர்த்தி கூடுதல். அதில் நிறுத்துவிட்டுத் தண்ணீரின் அடர்த்தியை 1 என்று போட்டால் கணக்கு தப்பும். நான் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

சரி, கோபத்துக்கு வருவோம்.

இந்தத் தராசில் ஐந்து நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடவில்லை என்றால் தானாக அணைந்துவிடும். தட்டில் எடை இருக்கிறதா, கொக்கியில் ஏதாவது தொங்குகிறதா, திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கிறதா என்று எதையும் பார்க்காது. அணைந்ததும், கூடையின் எடையைக் கழிப்பதற்காக நாம் வைத்த பூஜ்யமும் போய்விடும். மறுபடி போட்டால், அப்போது கொக்கியில் என்ன தொங்குகிறதோ அதையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 0.0 என்று காட்டும்.

காய்கறிக் கடையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இரும்புத் தாதுவில் இதுதான் பிரச்சினை. ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு சுரங்கத் திட்டத்தில் கனிம வளம் எத்தனை டன் என்று கணக்கிடும்போது எல்லாருடைய கண்ணும் இரும்புச் சதவீதத்தின் மேலேயே இருக்கும். ஆய்வகத்தில் சோதனை மேல் சோதனை, மறுசோதனை, வேறொரு ஆய்வகத்தில் சரிபார்ப்பு என்று போகும். அடர்த்திக்கு மட்டும் பழைய அறிக்கையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் டன் என்பது கன அளவை அடர்த்தியால் பெருக்கி வருவது. அடர்த்தியில் பத்து சதவீதம் தப்பினால் டன்னிலும் பத்து சதவீதம் தப்பும். தங்கச் சுரங்கத்தில் பாறையின் அடர்த்தி பெரும்பாலும் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்கும். இரும்பில் அப்படியில்லை. இரும்புத் தாதுக் கனிமங்களில் சுத்தமான ஹெமடைட் 5-க்கு மேல், கோதைட் சுமார் 4, அதுவே ஓட்டை விழுந்து லேட்டரைட் என்கிற செம்பாறையாகிக் கிடந்தால் 3-க்கும் கீழே. ஒரே துளையில் மேலே ஒன்று, பத்து மீட்டர் கீழே இன்னொன்று.

அது மட்டுமல்ல, சதவீதத்தின் சராசரியையே அடர்த்தி மாற்றும். ஒரு மீட்டர் கோரில் 66 சதவீதம் இரும்பு, அடர்த்தி 4.6, அடுத்த மீட்டரில் 50 சதவீதம், அடர்த்தி 2.9 என்று வையுங்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் சராசரி 58. எடையைப் பார்த்தால் கிட்டத்தட்ட 60. தாது விலையில் இந்த இரண்டு புள்ளி சின்ன விஷயமில்லை.

இப்போது தண்ணீர்த் தொட்டிக்கு வாருங்கள். கெட்டியான ஹெமடைட் துண்டை முக்கினால் சில விநாடிகளில் எண் நின்றுவிடும். திரையின் இடது ஓரத்தில் எடை நிலைத்துவிட்டது என்று காட்டும் சின்ன வட்டம் எரியும், எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். கோதைட் துண்டு அப்படியில்லை. முக்கியதும் பக்கவாட்டிலிருந்து நூல் பிடித்ததுபோலக் குமிழி கிளம்பும். தண்ணீர் உள்ளே போகப் போக எடை ஏறும். 820, 824, 831. நடுவில் ஒரு கணம் மெதுவானதும் அந்த வட்டம் எரியும். அதை நம்பி எழுதினால் போச்சு. பொறுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு குடிக்கிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்துத்தான் அந்த வகைத் துண்டுகளுக்குத் தண்ணீர் உள்ளே போகாமல் மெழுகு பூச வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். எல்லாத் துண்டுக்கும் மெழுகு பூசிவிட முடியாது. அவை திரும்பிப் போய் ரசாயனச் சோதனைக்குப் பொடியாக வேண்டியவை.

இப்படிப் பொறுத்துப் பார்க்கிற அந்த நேரத்தில்தான் தராசு அணைகிறது.

அணைந்தால் நஷ்டம் ஐந்து நிமிடம் என்று நினைக்காதீர்கள். பூஜ்யம் போய்விட்டது; துண்டை வெளியே எடுத்து, வெறும் கூடையைத் தொங்கவிட்டு மறுபடி பூஜ்யம் வைக்க வேண்டும். ஆனால் துண்டு ஏற்கெனவே தண்ணீர் குடித்துவிட்டது. திரும்ப முக்கினால் வருவது பாதி ஊறிய துண்டின் எடை. அது எதற்கும் உதவாது. அடுப்பில் 105 டிகிரியில் இரவெல்லாம் காயவைத்து மறுநாள்தான் மறுபடி. ஐந்து நிமிட பேட்டரியைச் சேமிக்க என்னுடைய ஒரு நாளைத் தின்கிறது இந்த மெஷின்.

ஒரு துண்டின் கணக்கைச் சொல்கிறேன். ஒரு சாண்கூட நீளம் இல்லாத கோதைட் துண்டு. காய்ந்த எடை 1,240 கிராம். தண்ணீரில் முதலில் காட்டியது 820. அதை வைத்தால் அடர்த்தி 2.95. ஊறி ஊறி 870-க்கு வந்தது. அதை வைத்தால் 3.35. பிறகு காயவைத்து, மெழுகில் முக்கி, மெழுகின் பருமனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 2.90. மெழுகு உருகினதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் அதுவும் ஓட்டைக்குள் இறங்கிவிடும். ஊறிய துண்டைத் துடைத்துக் காற்றில் நிறுக்கும் முறையும் உண்டு, ஆனால் ஓட்டை பெரிதாக இருந்தால் துடைக்கும்போதே தண்ணீர் வடிந்துவிடும். இந்த வகைத் தாது 500 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 20 மீட்டர் கனத்துக்கு இருக்கிறது என்றால் கன அளவு 20 லட்சம் கன மீட்டர். 2.90 போட்டால் 58 லட்சம் டன். 3.35 போட்டால் 67 லட்சம் டன். நடுவில் உள்ள 9 லட்சம் டன் தாது பூமியில் இல்லை, துண்டு குடித்த தண்ணீரில்தான் இருக்கிறது. கனிம வள அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் ஜோர்க் (JORC) விதித்தொகுப்பின் 2012 பதிப்பு இதை வெளிப்படையாகவே கேட்கிறது: அடர்த்தியை அளந்தீர்களா, சும்மா எடுத்துக்கொண்டீர்களா, அளந்தது ஈரமாகவா உலர்த்தியா, ஓட்டைகளையும் ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் முறையா என்று. முதலீடு செய்பவர்கள் படிக்கும் அறிக்கையில் இதற்குப் பதில் எழுத வேண்டும்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "அது பேட்டரி சேமிக்கிற வசதி சார்" என்றார்கள். கடைக்கும் கூரியர் ஆபீசுக்கும் செய்த தராசு என்றால் நானும் ஒத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் இதன் விளம்பரத் தாளிலேயே அடர்த்தி அளக்க உகந்தது என்று போட்டிருக்கிறார்கள். அடியில் கொக்கி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கொக்கியில் தொங்குவது ஐந்து நிமிடத்துக்கு மேல் தொங்கும் என்பது தெரியாதா? அணைவதை நிறுத்த ஒரு வழியும் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்து உள் அமைப்புக்குள் போனால் மாற்றிவிடலாம். கரண்ட் போய், பேட்டரியும் இறங்கினால் மறுபடி ஐந்து நிமிடத்துக்கே திரும்பிவிடும். கோடையில் எங்கள் பகுதியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் வேலை அந்த அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது.

பழுது கதை சுருக்கமானது. எண் ஒரேயடியாகக் குதிக்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். புதுத் தராசின் விலையில் பாதி. பாரிமுனைப் பக்கம் தராசு பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்து, எடையை உணரும் பாகமான லோட் செல்லிலிருந்து வரும் ஒயரின் முனையை டார்ச் அடித்துக் காட்டினார். பச்சை பூத்திருந்தது. "மெஷின்ல குறை இல்ல சார். கடக்கரை காத்து. காசிமேட்டுத் தராசெல்லாம் இப்படித்தான் வரும்" என்றார். சுத்தம் செய்து, புது முனை பற்றவைத்து, பேட்டரியும் மாற்றிக் கொடுத்தார். அந்த ஐந்து நிமிடத்துக்கு நிரந்தரமாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அது சிப்புக்குள் எழுதியது, கைவைக்க முடியாது என்றார்.

நண்பர் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தராசைவிடப் பெரிய விஷயம். கூடையில் வைக்கக் கெட்டியான துண்டுதான் வேண்டும். கையில் எடுத்தால் உதிர்கிற ப்ளூ டஸ்ட் பொடித் தாதுவை எந்தத் தராசிலும் இப்படித் தொங்கவிட முடியாது. பெட்டியில் முழுசாக வருகிறவற்றை மட்டும் அளந்துகொண்டிருந்தால், உடைந்ததும் உதிர்ந்ததும் கணக்குக்கே வராது. மொத்த அடர்த்தி உண்மையைவிடக் கூடித்தான் நிற்கும். பொடித் தாது உள்ள இடத்தில் சுரங்கத்திலேயே சின்னக் குழி வெட்டி, வந்த தாதுவை உலர்த்தி நிறுத்து, குழிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றிக் கன அளவை எடுங்கள். அதற்கு இந்தக் கொக்கி தேவையே இல்லை, சாதாரணத் தராசு போதும்.

என் பதில்: வாங்க வேண்டாம். துல்லியம் நன்றாக இருக்கிறது, விலை நியாயம், உப்புக் காற்றில் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது, எல்லாம் உண்மை. இப்போதும் என் மேசையில் அதுதான் இருக்கிறது, இன்றும் அதில்தான் வேலை செய்தேன். ஆனாலும் நேற்று ஒரு துண்டு தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும்போது திரை அணைந்தது. பேட்டரி மாற்றியதில் அமைப்பு பழையபடி மாறியிருந்தது. அந்தத் துண்டு இப்போது அடுப்பில் காய்கிறது. இந்த நிலையில் இன்னொருவரை இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு எதை வாங்குவதாக இருந்தாலும், காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒன்று செய்யச் சொல்லுங்கள். கொக்கியில் ஓர் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எந்தப் பொத்தானையும் தொடாமல் கால் மணி நேரம் விடட்டும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி மாட்டி, மறுபடியும் கால் மணி நேரம். இரண்டு தடவையும் திரை அணையாமல் நின்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.