தீனைக் கக்கும் குருவிக்கு வினாகிரியா, நிஸ்டாட்டினா, அம்போடெரிசினா?

மட்டக்களப்பில் லவ்பேர்ட் (நாம் இப்படி அழைக்கும் பட்ஜரிகார் குருவி) தீனைக் கக்கினால் பலரும் முதலில் எடுப்பது வினாகிரிப் போத்தல். அடுத்தது, பாமசியில் குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தரும் நிஸ்டாட்டின். கக்குவதற்குப் பங்கசு காரணமென்றால், எது நல்லது என்பது அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

கழுத்தடியில் தீன் தேங்கும் தீன்பையில் வளர்வது கண்டிடா என்ற பங்கசு. கையால் ஊட்டும் குஞ்சுகளுக்கும், அன்டிபயோட்டிக் குடித்த குருவிகளுக்கும் அதிகம் வரும். வாயில் வெண்படலம், காலியாகாத தீன்பை, புளித்த வாடை. இதற்கு நிஸ்டாட்டின்தான் முதல் தெரிவு. குடல் அதை உறிஞ்சாததால் பயமில்லை. ஆனால் பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும். கிலோவுக்கு 3 இலட்சம் அலகு, 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. மில்லிலீட்டருக்கு 1 இலட்சம் அலகு கொண்ட மருந்தென்றால், 35 கிராம் குருவிக்கு 0.1 மில்லிலீட்டர் போதும். ஊசி கழற்றிய 1 மில்லிலீட்டர் சிரிஞ்சால், தீன்பை வெறுமையாக இருக்கும்போது, விழுங்க விட்டு விட்டுச் சொட்டுங்கள். டியூப்பால் நேரே தீன்பைக்குள் இறக்கினால் வாயிலுள்ள படலம் அப்படியே இருக்கும்.

பங்கசுக்கான இன்னொரு மருந்தான புளுகோனசோல் இரத்தத்தில் கலந்து ஆழத்துக்கும் போகும். ஆனால் லவ்பேர்ட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராமே நஞ்சாகியிருக்கிறது. பாதி அளவு, அதாவது 5 மில்லிகிராம், என்று வைத்தாலும் 35 கிராம் குருவிக்கு 0.175 மில்லிகிராம்தான். 150 மில்லிகிராம் கப்சியூல் ஒன்றில் அப்படி 850 வேளை மருந்து இருக்கிறது! கண்மதிப்பில் பிரிப்பது கொலைக்குச் சமம்.

குருவி ஓயாமல் கொறித்தும் நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி, எச்சத்தில் முழுத் தினை வந்தால், அது பெரும்பாலும் இரைப்பையில் வாழும் மக்ரோரப்டஸ் என்ற பங்கசு. முன்பு பற்றீரியா என்று நினைத்திருந்தார்கள். 2003இல்தான் மதுவ (யீஸ்ட்) வகை என்று உறுதியானது. இங்கே புளுகோனசோல் லவ்பேர்ட்டுக்கு உதவாது, நிஸ்டாட்டினை நம்ப முடியாது. வினாகிரியோ வீண்: ஆய்வுகூடத்தில் இந்த மதுவம் செழிப்பதே பிஎச் 3, 4 அளவிலான புளிப்பில்தான். இதற்கு மருந்து வாய்வழி அம்போடெரிசின் பி, கிலோவுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 14 முதல் 30 நாள். கால்நடை வைத்தியர்தான் கலந்து தர வேண்டும். அதற்கும் சில வேளை அடங்காது.

எச்சம் உலருமுன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இந்த மதுவம் நீண்ட கோல்களாகத் தெரியும். எல்லா நாளும் வெளியேறாது. ஒரு நாள் காணவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்தாமல், நாலைந்து நாள் எச்சத்தைக் காட்டுங்கள்.