முழு மசோதாவா, தற்காலிக நீட்டிப்பா?

அமெரிக்காவில் சுகாதாரம், தொழிலாளர் நலன், கல்வி மூன்றுக்கும் சேர்த்து ஒரே செலவு மசோதாதான். நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1-க்குள் நிறைவேற வேண்டும், பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. அப்போது இரண்டு வழி: இரு கட்சிகளும் பேசி முழு ஆண்டுக்கும் முடிப்பது, அல்லது போன ஆண்டுத் தொகையையே கொஞ்ச நாளைக்கு நீட்டிப்பது. என் ஆய்வகச் சம்பளம், அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். தரும் மானியத்தில் வருகிறது. எங்கள் செனட்டருக்கு எழுதியபோது முழு மசோதாவைத்தான் கேட்டேன்.

நீட்டிப்பு இருந்தால் அரசு அலுவலகங்கள் மூடப்படாது. 2025-இல் 43 நாள் அரசு முடக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நம்பித் திட்டம் போட முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம். நீட்டிப்புக் காலத்தில், நடந்துகொண்டிருக்கும் மானியங்களுக்கே என்.ஐ.எச். வழக்கமாக 90 சதவீதம் வரைதான் தருகிறது. மிச்சம் பொதுவாகப் பின்னால் வந்துவிடும். அதுவரை புது ஆள் எடுப்பதும் கருவி வாங்குவதும் தள்ளிப்போகும். அரசுத் துறைகள் பொதுவாகப் புதிய திட்டம் எதையும் தொடங்கவும் முடியாது.

பேசி முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 சாட்சி. செனட்டில் குடியரசுக் கட்சியின் ராய் பிளன்ட்டும் ஜனநாயகக் கட்சியின் பேட்டி முர்ரேயும் இந்த மசோதாவைப் பார்த்துக்கொண்டார்கள். சண்டை மூட்டும் நிபந்தனைகளைத் தவிர்த்து, பாதுகாப்புத் துறை மசோதாவோடு சேர்த்தார்கள். இரு தரப்புக்கும் வேண்டியது அதில் இருந்தது. செனட்டில் 93-7 என்ற வாக்கில் நிறைவேறியது. செப்டம்பர் 28-இல் கையெழுத்தானது. 22 ஆண்டுகளில் முதல்முறையாக உரிய நேரத்தில்! அந்த டிசம்பரில் தொடங்கி 35 நாள் அரசு முடங்கியபோது இந்த மூன்று துறைகளும் பெரும்பாலும் தப்பின.

2025 மார்ச்சில் நேர்மாறு. நிதியாண்டின் மிச்சத்துக்கும் நீட்டிப்பு. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று வழக்கமாகக் கூடவே வரும் விரிவான விளக்க அறிக்கை இல்லை. அதனால் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் நிர்வாகத்தின் கைக்கு நிறையவே போய்விட்டது. எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான்.

பேச்சுவார்த்தையிலும் குறை உண்டு. கருக்கலைப்புக்கு மத்திய நிதியைத் தடுக்கும் ஹைட் திருத்தம் 1976 முதல் இதில்தான் வருகிறது. அது பலமுறை பேச்சையே நிறுத்தியிருக்கிறது. பள்ளிப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. ஏழை மாணவர் அதிகமுள்ள பள்ளிகளுக்கான நிதி பெரும்பாலும் அடுத்த கல்வியாண்டுக்கே ஒதுக்கப்படுவதால், சில வார நீட்டிப்பு அங்கே அவ்வளவு வலிக்காமல் இருக்கலாம்.

கெடு கழுத்தை நெரித்தால் டிசம்பர் வரை நீட்டிக்கட்டும், சரி. ஆனால் மொத்தத் தொகையில் இரு கட்சியும் நீட்டிப்பதற்கு முன்பே உடன்பட்டிருக்க வேண்டும்.