சொலெரா, பகேயா: முதலில் யாரைக் கேட்பது?

ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியின் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம்) இசைக்குள் நுழைய இரண்டு நல்ல வாசல்கள் உண்டு: அந்தோனி சொலெர், கார்லெஸ் பகே என்ற இரண்டு இசையமைப்பாளர்கள்.

பகே (1768–1808) பார்சிலோனாக்காரர். அந்நகரத்துப் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராகத் தன் மாமாவுக்குப் பின் பொறுப்பேற்று, நாற்பது வயதுகூட நிறையாமல் மறைந்தார். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் சாயலில் பல சிம்பொனிகள் (முழு இசைக்குழுவுக்கான பெரிய படைப்புகள்) எழுதினார். அவருக்குப் பின் அதே ஆர்கனில் அமர்ந்தவர் அவருடைய மாணவர் மத்தேயு ஃபெரர்.

சொலெரோ (1729–1783) ஒலோத்தில் பிறந்து, மோன்செராத் மடாலயத்தில் பாடகச் சிறுவனாக வளர்ந்தவர். பிறகு மாட்ரிட் அருகே எல் எஸ்கோரியல் மடத்தில் துறவியானார். கீபோர்டுக்கு நூற்றுக்கும் மேல் சொனாட்டாக்கள், அதாவது தனி வாசிப்புக்கான படைப்புகள்! அரச குடும்பத்து மாணவரான இளவரசர் கேப்ரியலுக்காக இரண்டு ஆர்கன்கள் மாறி மாறி வாசிக்கும் ஆறு கான்செர்ட்டோக்களும் எழுதினார். ஓர் ஆர்கன் ஒரு வரியை வாசித்து நிறுத்தும். மற்றது அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். பெரிய ஆர்ப்பாட்டம் கிடையாது, இருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்வது போல இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் இடதும் வலதுமாக அந்தப் பேச்சு தெளிவாகப் பிரியும்.

ஒழுங்கான, வெளிச்சமான இசை பிடிக்குமென்றால் பகே சரி. என் ஓட்டு சொலெருக்குத்தான். அந்தக் கான்செர்ட்டோக்களில் முதலாவதிலிருந்து தொடங்குங்கள், அப்புறம் பகேயிடம் வரலாம்.